நாகம் ஏன் சாகவில்லை?

தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பகுதி ஒளிபரப்பான மறுநாள் காலையில், விலைவாசி, தேர்தல், பனி எல்லாம் பின்னுக்குப் போய், நாட்டில் ஒரே ஒரு கேள்வி முன்னால் வந்து நின்றது: நாகத்துக்குக் காது கேட்காதா?

தலைநகர் பிஷ்கெக்கில் நான் ஏறிய சிற்றுந்தின் ஓட்டுநரே அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"அவ அடிவயித்துலேருந்து பேரைச் சொல்லிக் கத்தறா. அந்தப் பாம்பு கண்ணைச் சிமிட்டிக்கிட்டு நிக்குது. எங்க மாமியாருக்குக்கூட அதைவிட நல்லா காது கேக்கும்யா."

"மெஷினைக் காதுல மாட்ட மறந்திருக்கும்" என்றார் பின்சீட்டுக்காரர்.

வண்டியே சிரித்தது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தத் தொடருக்கு வசனம் எழுதும் நால்வரில் நானும் ஒருவன்.

கேள்வியில் நியாயம் இருந்தது. விவரத்தை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

தொடருக்கு மூலமான ‘ஏழாம் கணவாய்’ எங்கள் ஊர்ப்பக்கம் எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கிற நாவல். படித்தவர்கள் பாதி, மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தவர்கள் மீதி. கதை இதுதான். தெமிர் கான் என்று ஓர் அரசன். தெமிர் என்றால் இரும்பு. சாபம் பட்டு அவன் நெருப்பு கக்கும் நாகமாகிவிடுகிறான். அவன் சாவுக்கு ஒரே வழி: அவன் வீட்டு உப்பைத் தின்ற வாய் ஒன்று, அவன் காதுபட அவன் பெயரைச் சொல்ல வேண்டும். உப்பைத் தின்ற மகன்களை அவன் சாம்பலாக்கிவிட்டான். வேலையாட்களை விழுங்கிவிட்டான். மிஞ்சியது ஒருத்தி, மூத்த மருமகள் பெர்மெத். அவளோ மருமகள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? ஊரையே எரித்தாலும் மாமனார் மாமனார்தானே. பெயரைச் சொல்லக்கூடாது என்றால் அந்தப் பெயர் கொண்ட பொருளையும் சொல்லக்கூடாது. ஆகவே பெர்மெத் நாவல் முழுக்க இரும்பை ‘சுத்தியல் அடி வாங்குவது’ என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறாள். சொல்லக்கூடிய ஒரே ஆளால் சொல்ல முடியாது என்பதுதான் கதையின் முடிச்சு. அந்த முடிச்சை அவிழ்க்க நாவலாசிரியருக்குத் தடித்தடியாய் இரண்டு பாகம் தேவைப்பட்டது.

எங்களுக்கு மூன்றாம் பகுதியே போதுமாயிருந்தது. அதில் பெர்மெத் பாறைமேல் ஏறி நின்று "தெமிர், செத்து ஒழி!" என்று கத்துவதாக எழுதப்பட்டிருந்தது. இயக்குநர் எர்மெக்குக்கு அது பிடித்துப்போயிற்று. "பேர் சொல்லப் பயப்படற பொண்ணை வெளிநாட்டுக்காரன் எவன் பார்ப்பான்? பொண்ணுன்னா கத்தணும்" என்றார். கத்தியபின் நாகம் சாக வேண்டுமே என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பகுதியை எழுதியவர் நாவலின் அட்டையை மட்டும் படித்தவர். அவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அல்மாட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

நால்வரும் நாலு அறையில் உட்கார்ந்து எழுதினால் பெர்மெத் எப்படி ஒரே ஆளாக இருப்பாள்? முதல் பகுதியில் எறும்பு மிதிபட்டதற்கு அழுதாள். இரண்டாம் பகுதியில் பொழுதுபோகாமல் எதிரி வீரர்களின் தலைகளைச் சீவினாள். தோளில் அம்பு தைத்த மறுகாட்சியில் அதே தோளில் ஆட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஓஷ் பக்கம் தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, அது ஆறுவதற்குள் பல நாள் பயணத் தூரத்திலுள்ள இஸ்ஸிக்குல் ஏரிக்கரைக்குக் குதிரையில் வந்து சேர்ந்தாள். அந்தக் குதிரையும் செம்மண் நிறப் பெட்டையாகக் கிளம்பி, சாம்பல் நிற ஆண்குதிரையாக வந்து நின்றது. நடந்து பழகுமுன் குதிரையேறப் பழகும் சனத்துக்கு இதைக் காட்டினால் என்ன ஆகும்? நாரினிலிருந்து ஒரு கிழவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "வழியில சாயம் போட்டீங்களா, இல்ல ஆபரேஷன் பண்ணீங்களா?" என்று கேட்டார்.

அத்தனையையும் சனம் சிரித்துப் பொறுத்துக்கொண்டது. நாகம் சாகாததை மட்டும் பொறுக்கவில்லை.

மத்தியானம் தயாரிப்பாளர் சோல்பான் அக்காவின் அறையில் கூட்டம். மேசையில் தேநீரும், எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டுகளான போர்சோக் ஒரு தட்டும் இருந்தன. யாரும் போர்சோக்கைத் தொடவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

"யோசிச்சுட்டேன்" என்றார் சோல்பான் அக்கா. "பெர்மெத் செத்துடறா."

"எப்படிக்கா?" என்றேன்.

"பனியில வழுக்கி விழுந்து."

"ஏன் வழுக்கறா?"

"பனி வழுக்கும்ப்பா. உங்க ஊர்ல வழுக்காதா?"

எர்மெக் உற்சாகமானார். "அப்புறம் அவளோட இரட்டைத் தங்கச்சி வர்றா. வாளை எடுத்து நாகத்தைக் குத்தறா. முடிஞ்சுது."

"இரட்டையா? அவ இத்தனை நாளா எங்க இருந்தா?"

"மேய்ச்சல்ல" என்றார் எர்மெக்.

"அக்கா கல்யாணத்துக்குக்கூட வரலையா?"

"ஆடு நிறைய."

"அண்ணே, இரட்டைன்னா ஒரே முகம் இருக்கணுமே. அப்ப அந்தத் தங்கச்சியாவும் பெர்மெத்தா நடிக்கற நம்ம ஜாஸ்குலே நடிக்கலாமே."

சோல்பான் அக்கா போர்சோக்கை முதல்தடவையாகப் பார்த்தார். "நூடுல்ஸ் கம்பெனிக்காரர் பொண்ணு நடிக்கணும்ங்குது. அவர்தான் நமக்கு விளம்பரம் தர்றார். முகம் மாறினது எப்படின்னு நீ எழுது. மலைக்காத்துல மாறிப்போச்சுன்னு எழுது. அப்புறம் எல்தார் தம்பி, ஜாஸ்குல்கிட்ட நீயே போய்ப் பக்குவமாச் சொல்லிடு. நீதான் நல்லா எழுதுறவனாச்சே."

நன்றாக எழுதுகிறவனுக்கு நன்றாகச் சொல்லவும் வரும் என்று யார் இவர்களிடம் சொன்னார்களோ.

ஜாஸ்குலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைகள் நாடகசாலையில் பல வருடம் இருந்தவள். அங்கே அவளுக்குக் கிடைத்தது ஆட்டின் பின்னங்கால்கள். முன்னங்கால்காரிக்கு வசனம் உண்டு, பின்னங்காலுக்குக் கிடையாது. போர்வைக்குள் குனிந்தபடியே தன் இளமையைக் கழித்தவள். பெர்மெத் வேடத்துக்குத் தேர்வானபோது வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நிமிர்ந்தே நடந்ததாகச் சொல்வாள். இது போனால் அவளுக்கு மறுபடி போர்வைதான்.

படப்பிடிப்பு தோக்மோக்குக்கு மேலே கெகெட்டி பள்ளத்தாக்கில். நான் போனபோது ஒப்பனை வண்டியில் அவள் தலையலங்காரத்தோடு குருத் என்கிற உலர்தயிர் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய ஹோண்டா. அதில் அவளுடைய மாமனார் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்திருந்தார். காமாஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மருமகளைத் தினமும் தோக்மோக்கிலிருந்து அவரே கொண்டுவந்து விட்டு, முடியும்வரை காத்திருந்து கூட்டிப்போவார். படப்பிடிப்புக் குழுவில் எல்லாரும் அவரை ஆதா என்போம்; அப்பா என்று அர்த்தம், பெரியவர்களையும் மாமனாரையும் அப்படித்தான் கூப்பிடுவது.

நான் பக்குவமாகத்தான் சொன்னேன். பனியைப் பற்றித் தொடங்கினேன். பனி வழுக்கும் என்பதில் முடித்தேன். ஜாஸ்குல் குருத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன்? நான் என்னண்ணே தப்பு பண்ணினேன்?"

"நீ பண்ணலம்மா. பேரைச் சொல்லியும் அது சாகல. ஊரே சிரிக்குது. உன்னை எடுத்துட்டா அந்தக் கேள்வியும் போயிடும்னு பாக்கறாங்க."

"நான் பேரைச் சொல்லவே இல்லையே."

"நாடே கேட்டுச்சும்மா."

"நாடு கேட்டது வேற."

"வேற என்ன?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். சன்னல் வழியே ஹோண்டாவைப் பார்த்தாள்.

"அண்ணே, குதிரைக் குளம்புல அடிப்பாங்கள்ல, அது..."

"லாடமா?"

"லாடம் எதால செய்வாங்க?"

"தெமிரால."

"ஸ்ஸ்! மெதுவா! ஆமா, அது. அதை நான் சொல்லல."

"பின்ன என்ன சொன்னே?"

"அதை மாதிரியே இருக்கற இன்னொண்ணு."

"செம்பா?"

"ஐயோ அண்ணே! உலோகம் இல்ல. சத்தம். அந்த வார்த்தையோட மொத எழுத்தை எடுத்துட்டு..."

"எமிரா?"

"எடுத்துட்டு வேற போட்டேன்!"

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவள் வண்டிக் கதவைச் சாத்திவிட்டு என் காதருகே குனிந்து, திருட்டுச் சாமான் விற்பவளைப் போலச் சொன்னாள்.

"செமிர்."

அப்புறம்தான் மெல்ல உறைத்தது. ஹோண்டாவில் தூங்குகிற ஆதாவின் பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

"ஆதா பேரு..."

அவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். "வேஷத்துக்கு ஆள் எடுக்கறப்பவே சொல்லியிருந்தா வேற யாரையாச்சும் எடுத்திருப்பீங்க. அதான் சொல்லல. அன்னைக்கு அந்தக் காட்சி எடுக்கறப்ப மனுஷன் வண்டிய விட்டு இறங்கி, பாறைக்குக் கீழ கையக் கட்டிக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு. காலையிலதான் எனக்குன்னு ஃபிளாஸ்க்ல டீ போட்டுக் கொண்டுவந்தாரு. அவரைப் பாத்துக்கிட்டே, அவரு பேரைச் சொல்லி ‘செத்து ஒழி’ன்னு கத்தச் சொல்றீங்க. என்னால முடியலண்ணே. எங்க மாமியார் அவரைச் செமிர்னுதான் சொல்லும், அவங்க மாமியார் காலத்துல பழகினது. வாயில அதுதான் வந்துச்சு."

"இதை எர்மெக் அண்ணன்கிட்ட சொல்லலாமே."

"என் வசனத்தை மாத்தினியான்னு அதுக்கும் சேத்துத் துரத்துவாரு."

அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு ஒலிப்பதிவாளர் மெலிஸ் அண்ணனிடம் போனேன். அவர் ஒரு கூடாரத்தில் கம்பிகளுக்கு நடுவே மந்தி என்கிற கறிக்கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் விரலை நக்கிவிட்டுப் பதிவைத் தேடி எடுத்தார். காற்று விசிறியின் இரைச்சலைக் குறைத்தார். கூடாரத்துக்குள் ஜாஸ்குலின் குரல் கணீரென்று வந்தது: "செமிர், செத்து ஒழி!"

"அண்ணே, இது அன்னைக்கே உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சே. பொண்ணுக்குப் பல் வலியாக்கும்னு நெனச்சேன்."

எர்மெக்கும் வந்தார். அன்று சோல்பான் அக்காவும் படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்ததால் அவரும் வந்தார். எர்மெக்குக்கு முகம் சிவந்தது.

"நான் குடுத்த வசனத்தை நீயா எப்படி மாத்துவே? நாளைக்கு நாகத்தையும் மாத்திக் குதிரைன்னு சொல்லுவியா?"

"குதிரைய நீங்க ஏற்கனவே மாத்திட்டீங்களேண்ணே" என்றாள் ஜாஸ்குல். பின்னங்காலாக இருந்தவள்தான், ஆனால் உதை விழுந்தது.

"அவ சொல்றதைக் கவனிங்கக்கா" என்று நான் நடுவில் புகுந்தேன். "அவ பேரைச் சொல்லல. சொல்லாததால நாகம் சாகல. நாகம் சாகாதது தப்பே இல்ல. நாவல்ல இருக்கற மாதிரிதான் நடந்திருக்கு. மருமக கோவத்துல கத்தினா, ஆனா அந்த நேரத்துலகூட வாயில மாமனார் பேர் வரல. இதைவிட நல்லா நானே எழுதியிருக்க முடியாது."

"நீ எழுதினது இல்லைங்கறதாலதான் நல்லா இருக்கு" என்றார் சோல்பான் அக்கா. ஆனால் நூடுல்ஸ் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு அவர் நெற்றியில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. "எல்லாம் சரி. காட்சி போய்ச் சேந்துருச்சு. இப்ப போய் ‘அது செமிர்’னா சனம் நம்புமா? ஓட்டையை அடைக்கறதுக்குன்னு சொல்லமாட்டாங்களா?"

"கேக்க விட்டுப் பாருங்க" என்றார் மெலிஸ் அண்ணன். "காத்துச் சத்தத்தை எடுத்துட்டுத் தர்றேன். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாதீங்க. சும்மா போடுங்க."

அப்படியே இணையத்தில் போட்டார்கள். ஜாஸ்குல் அன்று முழுக்கத் தன் தொலைபேசியைத் தொடவில்லை. நான் தொட்டேன். முதலில் ஆண்கள் கிண்டலடித்தார்கள்: படம் எடுக்கத் தெரியாதவன் காதைப் பழிக்கிறான் என்றார்கள். அப்புறம் பெண்கள் வந்தார்கள். ‘எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு, எங்க வீட்டுல என்னைத்தான் கிறுக்கின்னாங்க.’ ‘என் மாமனார் பேரு பால்த்தா, கோடாலி. விறகு பிளக்கறப்ப நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.’ தலாஸிலிருந்து ஒருத்தி எழுதினாள்: ‘மூணு பகுதியா அந்தப் பொம்பளை யாருன்னே எனக்குப் புரியல. இப்பத்தான் புரியுது. அவ நம்ம வீட்டு மருமக.’ இந்தக் கடைசி வரியை நான் அச்செடுத்துச் சோல்பான் அக்காவின் மேசையில் வைத்தேன். எழுத்தாளர்கள் நாலு பேர் சேர்ந்து செய்ய முடியாததை ஓர் எழுத்துப்பிழை செய்திருந்தது.

சோல்பான் அக்கா ஒரு போர்சோக்கை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். அதுதான் முடிவு என்று எனக்குத் தெரிந்தது.

"பனி வழுக்க வேணாம்" என்றார் மென்றுகொண்டே.

"அந்தப் பொண்ணு?"

"மலைத் தேவதையா வரட்டும். ஆறாம் பகுதியில பெர்மெத்துக்குப் பசிக்குது. தேவதை வந்து ஒரு கிண்ணம் குடுக்கறா."

"கிண்ணத்துல?"

"என்னைக் கேட்டா? நீதானே எழுத்தாளன்?"

வாள்சண்டை முடிவும் போயிற்று. இனிமேல் பெர்மெத் பெயரைச் சொன்னாலும் குற்றம், சொல்லாமல் வாளால் குத்தினாலும் சனம் செருப்பால் அடிக்கும். ஆகவே நாவலின் கடைசி அத்தியாயத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். அதில் பெர்மெத் நாகத்தின் முன்னால் போய் நின்று விடுகதை போடுவாள்: கொல்லன் நெருப்பில் போட்டு எடுப்பது எது, சுத்தியல் அடி வாங்கியும் அழாதது எது, என்று கேட்பாள். எல்லாம் தெரிந்தவன் என்ற கர்வத்தில் நாகமே "தெமிர்!" என்று சொல்லிவிடும். அவன் வாயும் அவன் வீட்டு உப்பைத் தின்ற வாய்தானே. எர்மெக்குக்கு முதலில் இது கசந்தது. நாகம் பறக்காமல் ஒரே இடத்தில் நின்று பேசினால் கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பாதி வேலைதான் என்று தெரிந்ததும் இனித்தது.

அந்தக் காட்சியை எடுத்த நாள் கெகெட்டியில் நல்ல வெயில். நாகம் என்பது அங்கே ஒரு நீளக் கழியின் நுனியில் குத்திய பச்சைப் பந்து. மீதியெல்லாம் பின்னால் கம்ப்யூட்டரில் வரும். ஜாஸ்குல் பந்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பந்தின் சார்பில் எர்மெக் பதில் படிப்பார்.

"கொல்லன் நெருப்புல போட்டு எடுக்கறது எது? அடி வாங்கியும் அழாதது எது?"

"தெமிர்" என்றார் எர்மெக், பேருந்து நடத்துநர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதைப் போல.

ஜாஸ்குலின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் எடுத்தார்கள். எர்மெக் இந்தமுறை உறுமினார். தொண்டை கட்டிய ஆடு போலிருந்தது, ஜாஸ்குல் சிரித்துவிட்டாள். திரும்பவும் எடுத்தார்கள். வெயில் சாயத் தொடங்கியது. சோல்பான் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். எர்மெக் கழியைத் தரையில் எறிந்தார்.

"பின்னங்காலா நடிச்சவளுக்கு முகம் எங்கேருந்து வரும்? அக்கா, அந்த நூடுல்ஸ் பொண்ணு வந்திருக்கால்ல? கூப்பிடுங்க, ஒருதடவை அவளை நிக்கவெச்சுப் பாத்துடலாம்."

சோல்பான் அக்கா தேவதையின் கூடாரப் பக்கம் பார்த்தார். உடனே மறுக்கவில்லை. ஜாஸ்குல் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவைண்ணே" என்றாள். கழியை நானே எடுத்து உயர்த்திப் பிடித்தேன். கேமரா ஓடத் தொடங்கியது.

அவள் கேட்டாள். குரல் நடுங்கியது, நடிப்பா, பயமா என்று சொல்ல முடியாது. "கொல்லன் நெருப்புல போட்டு எடுக்கறது எது? சுத்தியல் அடி வாங்கியும் அழாதது எது? சொல்லுங்க, ஆதா."

எர்மெக் கோபத்தில் பதில் படிக்க மறந்து நின்றார். எல்லாரும் காத்திருந்தோம். பந்தும் காத்திருந்தது.

கேமராவுக்குப் பின்னால், ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி காலையிலிருந்து இதையே கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்த ஆதா பொறுமை இழந்தார். வாழ்நாளெல்லாம் காமாஸ் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல் பள்ளத்தாக்கை நிறைத்தது.

"தெமிர்! தெமிர்தான்! வேற என்னம்மா? இது தெரியாம எத்தனை தடவை கேப்பே?"

எதிர்மலையிலிருந்து ‘தெமிர்’ திரும்பி வந்தது. ஜாஸ்குலின் முகம் மாறியது. கண் விரிந்தது, நிறைந்தது. அப்புறம், யாரும் சொல்லிக்கொடுக்காமல், வீட்டில் மாமனாருக்குத் தினமும் காலையில் செய்கிற பழக்கத்தில், கைகளைக் குறுக்கே மடித்து, அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள்.

குனிவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

எர்மெக் ‘கட்’ சொல்ல மறந்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. மெலிஸ் அண்ணன் கூடாரத்துக்குள்ளிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் பேசக்கூடாதோ?" என்றார் ஆதா.

அந்தக் காட்சி அப்படியே போயிற்று. நாகத்தின் குரல் ஆதாவின் குரல்தான். ‘இது தெரியாம எத்தனை தடவை கேப்பே’ என்பதையும் வெட்டவில்லை. தன்னைக் கொல்ல வந்தவளிடம் நாகம் சாகும்போது அலுத்துக்கொண்டது இந்த உலகத்திலேயே எங்கள் தொடரில்தான். சிற்றுந்து ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, பாதி வழியில் பயணிகளிடம் அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார். நாரின் கிழவர் மட்டும் மறுபடி தொலைபேசியில் வந்து, எல்லாம் சரி, கடைசியில் அவள் ஏறிப்போன குதிரைக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி எப்போது முளைத்தது என்று கேட்டார்.

ஆதா ஒரு நாள் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பை குருத்தோடு வந்தார். "நான் செத்தது நல்லா இருந்துச்சாம். தோக்மோக் சந்தையில சொன்னாங்க" என்றார் பெருமையாக. ஜாஸ்குல் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் சோல்பான் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"சேனல்ல இன்னும் பத்துப் பகுதி கேக்கறாங்க. ஜாஸ்குல் இருக்கா. சனத்துக்கு அந்தக் கிழவர் குரலும் வேணுமாம். நாகம் வேணும்."

"அது செத்துப்போச்சேக்கா. நாடே பாத்துச்சு."

"அதுக்கு ஒரு இரட்டைத் தம்பி இருக்கான்னு எழுது."

"இத்தனை நாளா எங்க இருந்தானாம்?"

சோல்பான் அக்கா போர்சோக் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"மேய்ச்சல்ல."